பொழுதோட என்றால் எத்தனை மணி?

ஒரே ஒரு சொல்லை நான் தப்பாகப் படித்ததால் 4,200 குழந்தை டீ-ஷர்ட்டுகளின் கழுத்து ரிப்பை, அதாவது கழுத்தைச் சுற்றித் தைக்கிற இழுபடும் பட்டையை, பிரித்து மறுபடியும் தைக்க வேண்டி வந்தது. பதினைந்து வருடம் தாண்டிவிட்டது. மூன்று ராத்திரி டெய்லர்கள் குனிந்து உட்கார்ந்து நூல் பிரித்தது இன்னும் அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது.

நான் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள். அப்பாவுக்கு நாலு தறி. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் கோயமுத்தூரில் பி.காம். 2006இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் உதவி மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். பையர் கேட்பதைக் கம்பெனிக்குள் சொல்ல வேண்டும், கம்பெனியில் நடப்பதைப் பையருக்குச் சொல்ல வேண்டும். அதுதான் இந்த வேலை. கட்டிங் மாஸ்டரிடம் கொங்குத் தமிழ், மெயிலில் இங்கிலீஷ் என்று ஒரு நாளில் ஐம்பது தடவை மாறி மாறிப் போக வேண்டும்.

சேர்ந்த புதிதில் இங்கிலீஷ்தான் பெரிய பயம். வேலை முடிந்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பழகினேன். இரண்டு வருடத்தில் யாருடைய உதவியும் இல்லாமல் மெயில் எழுத வந்துவிட்டது. இனித் தப்பு வராது என்று நம்பினேன். இங்கிலீஷ் ஒன்றுதான், அதை ஒருமுறை கற்றுக்கொண்டால் கிளாஸ்கோக்காரருக்கும் சிட்னிக்காரருக்கும் அதுவே போதும் என்று நினைத்திருந்தேன். ஈரோட்டுப் பேச்சும் தஞ்சாவூர்ப் பேச்சும் ஒன்றில்லை என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் அதே நியாயம் இங்கிலீஷுக்கும் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

2009இல் ஸ்காட்லாந்திலிருந்து ஓர் ஆர்டர். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுக்கான டீ-ஷர்ட். குழந்தை உடுப்பில் கழுத்து ரொம்ப முக்கியம். சட்டை தலைக்கு மேலே நுழைய வேண்டும் இல்லையா? அதனால் கழுத்தை இழுத்தால் குறைந்தது இத்தனை சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்று பையர் அளவு கொடுத்துவிடுவார். கட்டிங்குக்கு முன்னால் அனுப்பிய சாம்பிளைப் பார்த்துவிட்டு அங்கே இருந்த குவாலிட்டி அம்மா எழுதியிருந்தார்: ‘நெக் ஸ்ட்ரெட்ச் அவுட்வித் டாலரன்ஸ். அதர் மெஷர்மெண்ட்ஸ் ஃபைன்.’

டாலரன்ஸ் என்றால் கொடுத்த அளவுக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம் என்று அனுமதித்த வரம்பு. ‘அவுட்வித்’ என்று நான் எங்கேயும் படித்ததில்லை. ‘வித்இன்’ என்று அடிக்கப் போய்க் கை தவறியிருக்கும் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். டாலரன்ஸுக்குள் இருக்கிறது, மற்ற அளவுகளும் சரி, அவ்வளவுதானே. கட்டிங் மாஸ்டரிடம் போய், “போட்டுடலாங்க மாஸ்டர்” என்றேன். அவர் சாம்பிளைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தார். “கழுத்து இறுக்கமா இருக்கறாப்புல தெரியுதே அம்மிணி. கேட்டுப்போட்டயா?” என்றார். “கேட்டாச்சுங்க, ஓகே சொல்லீட்டாங்க” என்றேன். உண்மையில் நான் கேட்கவில்லை. படித்ததோடு சரி.

பாதித் தையல் முடிந்திருந்தபோது பையர் தரப்பில் ஆய்வுக்கு வந்தவர் கழுத்தை அளந்துவிட்டு லைனை நிறுத்தினார். நான் கிளாஸ்கோவுக்குப் போன் போட்டேன். ‘வித்இன்’ என்றால் உள்ளே, ‘அவுட்வித்’ என்றால் வெளியே. டாலரன்ஸுக்கு வெளியே போயிருக்கிறது என்றுதான் அந்த அம்மா தெளிவாக எழுதியிருந்தார். எனக்கு அந்தச் சொல் தெரியாது என்றதும் அவர் என்னைவிட அதிகமாக அதிர்ந்து போனார். அது ஸ்காட்லாந்தில் மட்டும் புழங்குகிற சொல் என்று அவருக்கே தெரியாது. அங்கே அரசாங்கக் கடிதத்திலும் பள்ளிக்கூடச் சுற்றறிக்கையிலும்கூட வருகிற சொல். இங்கிலீஷ் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும் என்றே நினைத்திருக்கிறார்.

ரிப்பைப் பிரித்து, கழுத்தை இன்னும் கொஞ்சம் இறக்கி வெட்டி, மறுபடி ரிப் ஏற்றினோம். நாள் போதாமல் ஒரு பங்கை விமானத்தில் அனுப்ப வேண்டி வந்தது. செலவு கம்பெனியுடையது. முதலாளி என்னைக் கூப்பிட்டபோது சீட்டைக் கிழித்துவிடுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: “இனி ஒரு சொல்லு இடிச்சுதுன்னா உடனே போன் போடு கண்ணு. ஐஎஸ்டி பில்லு நான் கட்டிக்கறேன்.”

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு நோட்டு வாங்கினேன். இடிக்கிற சொற்களை அதில் எழுத ஆரம்பித்தேன். முதலில் ஏ, பி, சி வரிசையில் எழுதினேன், பிரயோஜனப்படவில்லை. அப்புறம் ஊர்வாரியாக மாற்றினேன். ஸ்காட்லாந்துக்கு ஒரு பக்கம், யார்க்‌ஷயருக்கு ஒன்று, ஆஸ்திரேலியாவுக்கு நாலு. புதுப் பையர் வந்தால் முதலில் அவர் எந்த ஊர் என்று பார்ப்பேன், அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டுத்தான் டெக் பேக்கை, அதாவது பையர் அனுப்புகிற அளவு, விவரத் தாள்களை, திறப்பேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இந்த நோட்டு போடுகிற பழக்கத்தைத்தான்.

அந்த நோட்டு என்னைக் காப்பாற்றிய முதல் இடம் யார்க்‌ஷயர். லீட்ஸ் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வயதான கம்பளி வியாபாரி, எங்களிடம் பனியன் துணியில் பைஜாமா வாங்குவார். ‘டோண்ட் ஷிப் வைல் மண்டே’ என்று எழுதியிருந்தார். ‘வைல்’ என்றால் ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது என்று படித்திருக்கிறோம். அப்படிப் பார்த்தால் திங்கட்கிழமை அனுப்பாதே என்று ஆகும். சனிக்கிழமையே லாரி ஏற்றிவிடலாம் என்று பேக்கிங்கில் சொல்லிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ‘திங்கள் வரைக்கும் பொறுக்கச் சொல்கிறீர்களா, இல்லை திங்களன்று மட்டும் வேண்டாம் என்கிறீர்களா?’ என்று கேட்டேன். திங்கள் வரை பொறுக்கத்தான் சொல்லியிருக்கிறார். யார்க்‌ஷயரில் ‘வைல்’ என்றால் ‘வரைக்கும்’. அங்கே ‘நைன் வைல் ஃபைவ்’ வேலை பார்ப்பார்கள், அதாவது ஒன்பதிலிருந்து ஐந்து வரை.

இந்தச் சொல்லைத் துருவப் போய்த்தான் ஜோசப் ரைட்டைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1855இல் யார்க்‌ஷயரில் பிராட்ஃபோர்டு பக்கத்தில் பிறந்தவர். ஏழு வயதில் சால்ட்டேர் என்ற ஊரில் இருந்த பெரிய மில்லில் டாஃபர் வேலைக்குப் போனார். நூல் நிறைந்த பாபினைக் கழற்றிவிட்டுக் காலிப் பாபினை மாட்டுகிற வேலை. பதினைந்து வயது வாக்கில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். அந்த மனிதர் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் ஆகி, 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக இங்கிலீஷ் வட்டாரச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். என் சித்தி பல்லடம் பக்கத்து நூல் மில்லில் டாஃபிங் வேலை பார்த்தவர். இதை அவரிடம் சொன்னபோது, “நம்ம வேலை செஞ்ச பையனா?” என்று இரண்டு தடவை கேட்டார். மில்லுக்குள் கேட்ட பேச்சு படித்தவர்கள் பேச்சுக்குக் குறைந்ததில்லை என்று ரைட்டுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் அந்த அகராதி வேலையை அவரால் செய்ய முடிந்தது என்று நான் நினைக்கிறேன். அந்த அகராதியை ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பழைய வட்டாரச் சொல் எதுவாவது தட்டுப்பட்டால் நான் முதலில் போய்ப் பார்ப்பது அங்கேதான்.

லெஸ்டர், நாட்டிங்காம் பக்கத்துப் பையர்கள் பேசினால் எனக்குத் தனி சந்தோஷம். அங்கே ஓர் அம்மா போனை வைக்கும்போதெல்லாம் ‘டா, டக்’ என்பார். ‘டா’ என்றால் நன்றி. ‘டக்’ என்றால் வாத்து என்று நமக்குத் தெரியும். என்னை எதற்கு வாத்து என்கிறார் என்று முதல் தடவை முகம் சுருங்கிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பக்கத்தில் அது நம் ‘கண்ணு’ மாதிரி. ஆண், பெண் யாரை வேண்டுமானாலும் அப்படிக் கூப்பிடுவார்கள், பஸ் டிரைவர்கூடச் சொல்லுவார். அதே வட்டாரத்துக் கால்வர்ட்டன் என்ற ஊரில்தான் 1589இல் வில்லியம் லீ முதல் பின்னல் எந்திரத்தைச் செய்தார். காலுறை பின்னுகிற எந்திரம் அது. காலுறைக்கு அங்கே இருந்த ‘ஹோஸ்’ என்ற பேரிலிருந்து வந்ததுதான் ‘ஹொசைரி’. திருப்பூரில் இன்றைக்கும் பின்னல் துணிக்கான நூலை ஹொசைரி நூல் என்கிறோம். பின்னல் ஊர்க்காரர் ஒருவர் இன்னொரு பின்னல் ஊர்க்காரியைக் கண்ணு என்று கூப்பிடுகிறார் என்று நினைத்தால் மனசுக்கு இதமாக இருக்கிறது.

ஆனால் நான் அவரைத் திரும்ப ‘டக்’ என்று கூப்பிடவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கும் இதைக் கண்டிப்பாகச் சொல்வேன். வெளியூரிலிருந்து வந்த பையன் ஒருவன் நம் பேச்சைக் கற்றுக்கொண்டேன் என்று முதலாளி வீட்டம்மாவை ‘ஏனுங் அம்மிணி’ என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அம்மிணி என்று யார் யாரைக் கூப்பிடலாம் என்று நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அது கூடவே வளர்ந்தால்தான் வரும். ஊர்ச் சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும், பதிலை எல்லோருக்கும் பொதுவான இங்கிலீஷில் எழுத வேண்டும்.

அதே மாதிரி, பையரின் இங்கிலீஷைத் திருத்தவும் கூடாது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு மெயில் வந்தது: ‘திஸ் லாட் நீட்ஸ் வாஷ்ட்.’ இந்தச் சரக்கைத் துவைக்க வேண்டும் என்று அர்த்தம். என்னுடன் வேலை பார்த்த தம்பி, நடுவில் ‘டு பி’ விட்டுப்போய்விட்டது, அவசரத்தில் எழுதியிருக்கிறார் என்றான். பதிலில் அதைத் திருத்தி எழுதவும் போனான், நான் நிறுத்தினேன். இரண்டு வருடம் கழித்துப் பெல்ஃபாஸ்டிலிருந்து ஒருவர் அச்சு அசலாக அப்படியே எழுதினார். அது தப்பே இல்லை. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் அப்படித்தான் சொல்லுவார்கள். அங்கிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடிபோனவர்கள் பென்சில்வேனியாவின் மேற்குப் பக்கத்துக்கு அந்தப் பேச்சையும் கொண்டுபோனார்கள். இருநூறு, முந்நூறு வருடம் ஒரு குடும்பத்தில் நின்ற பேச்சை நாம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பை வைத்துத் திருத்தக் கூடாது.

நேரம் சொல்கிற சொற்களில்தான் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது. தென்னாப்பிரிக்காப் பையர் ஒருவர் பிரிண்ட் கலருக்கு அனுமதி தர வேண்டியிருந்தது. ‘ஐ வில் செண்ட் இட் ஜஸ்ட் நௌ’ என்றார். பிரிண்டிங் யூனிட்டில் ஆட்களை நிறுத்தி வைத்துவிட்டு ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. தென்னாப்பிரிக்காவில் ‘ஜஸ்ட் நௌ’ என்றால் ‘அப்புறமாக’ என்று அர்த்தம். எப்போது என்று கணக்கில்லை. கொஞ்ச நேரத்தில் என்றால் ‘நௌ நௌ’ என்பார்கள். இரண்டுமே அங்கே பேசுகிற ஆஃப்ரிகான்ஸ் மொழியின் வழக்கிலிருந்து வந்தவை. வேல்ஸ் பக்கத்தில் ‘நௌ, இன் எ மினிட்’ என்பார்கள், அதற்கும் உடனே என்று பொருள் இல்லை.

எனக்குக் கோபமாக வந்தது. வெள்ளைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அடுத்த மாதமே அதே காரியத்தை நான் செய்தேன், அதுவும் தமிழில்.

தூத்துக்குடியில் எங்களுக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்த்தவர் போன் பண்ணினார். “மேடம், பேப்பர் எப்ப அனுப்புவீங்க?” “பொழுதோட அனுப்பிடறேனுங்க” என்றேன். நான் சொன்ன பொழுதோட, சாயங்காலம் ஆறு, ஆறரை. கொங்கு நாட்டில் காலைக்கு ‘நேரமே’, மாலைக்குப் ‘பொழுதோட’. பிறந்ததிலிருந்து அப்படித்தான் பேசுகிறோம். அவர் ஊர்ப் பேச்சில் பொழுதோட என்றால் பொழுது இருக்கும்போதே, தாமதிக்காமல் என்று அர்த்தம். மதியத்துக்குள் வந்துவிடும் என்று வேலையை வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். நான் ஆறேகாலுக்கு அனுப்பினேன். அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை மறுநாளைக்குப் போய்விட்டது. “பொழுதோடன்னுதான மேடம் சொன்னீங்க?” என்று அவர் வருத்தப்பட்டார். “பொழுதோடதானுங்க அனுப்பினேன்” என்று நானும் வருத்தப்பட்டேன்.

போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். கிளாஸ்கோ அம்மாவுக்கு அவுட்வித் எப்படியோ, எனக்குப் பொழுதோட அப்படி. நான் பேசுவதும் ஒரு வட்டாரப் பேச்சு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதுவரை மற்றவர்கள்தான் வட்டாரப் பேச்சு பேசுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். பெருமாள்முருகன் தொகுத்த கொங்குச் சொல்லகராதியை வாங்கி வைத்து, நான் தினமும் பேசுகிற எந்தெந்தச் சொல் அடுத்த ஜில்லாவில் செல்லாது என்று பார்க்க ஆரம்பித்தேன். ஒறம்பரை (விருந்தாளி), ஒட்டுக்கா (ஒன்றாக), நோம்பி, இட்டேறி (வேலிகளுக்கு நடுவே போகிற பாதை). ‘வார வெள்ளிக்கிழமை நோம்பிங்க, ஆளுக வரமாட்டாங்க’ என்று சென்னை பையிங் ஆபீசில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! யாரோ நோன்பு இருக்கிறார்கள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நாங்கள் பண்டிகையைத்தான் நோம்பி என்கிறோம்.

அதிலிருந்து நேரத்தைச் சொல்லால் எழுதுவதையே விட்டுவிட்டேன். மணி, நாள், எந்த நாட்டு மணி, மூன்றும் இருக்க வேண்டும். பிரிட்டனுக்கு எழுதினால் இன்னும் ஒரு கவனம் தேவை. குளிர்காலத்தில் நாம் அவர்களைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்போம், கோடையில் நாலரை மணி நேரம்தான். மாதத்தை எழுத்தில் எழுத வேண்டும். 5/6 என்றால் லண்டனில் ஜூன் ஐந்து, நியூயார்க்கில் மே ஆறு. ‘ஃபோர்ட்நைட்’ என்றால் பதினாலு நாள் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம், அமெரிக்கர்கள் அதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ‘ஹாஃப் ஃபைவ்’ என்று பிரிட்டன்காரரோ அயர்லாந்துக்காரரோ சொன்னால் ஐந்தரை. ஜெர்மன்காரர் தன் மொழிப் பழக்கத்தில் சொன்னால் நாலரை. ஆஸ்திரேலியர் ‘ஆர்வோ’ என்றால் பிற்பகல். இதையெல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. ‘இந்திய நேரம் மாலை 5.30, ஜூன் 5, வெள்ளி, சரிதானே?’ என்று ஒரு வரி திருப்பி எழுதிவிட்டால் போதும்.

உடுப்புப் பேர்கள் எங்கள் தொழிலில் தனிச் சமுத்திரம். ‘வெஸ்ட்’ என்று பிரிட்டன்காரர் கேட்டால் நம் பனியன், உள்ளே போடுவது. அமெரிக்கர் கேட்டால் சட்டைக்கு மேலே போடுகிற கையில்லாத கோட்டு. அந்தப் பனியனையே ஆஸ்திரேலியர் ‘சிங்லெட்’ என்பார். ‘ஜம்ப்பர்’ பிரிட்டனில் ஸ்வெட்டர். அமெரிக்காவில் சட்டைக்கு மேலே போடுகிற கையில்லாத கவுன், நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பினஃபோர் மாதிரி. ‘பேண்ட்ஸ்’ அமெரிக்காவில் கால்சட்டை, பிரிட்டனில் ஜட்டி. அதிலும் இங்கிலாந்தின் வடமேற்கில், மான்செஸ்டர் பக்கத்தில், நிறையப் பேர் கால்சட்டையைத்தான் பேண்ட்ஸ் என்கிறார்கள். நாட்டை மட்டும் தெரிந்துகொண்டால் பத்தாது, ஊரையும் கேட்க வேண்டும். நீச்சல் உடைக்கு ஆஸ்திரேலியாவிலேயே குவீன்ஸ்லாந்தில் ‘டாக்ஸ்’, மெல்போர்ன் பக்கம் ‘பேதர்ஸ்’, சிட்னியில் ‘காஸி’. ‘ஸ்கிவி’ என்று மெல்போர்னிலிருந்து விசாரணை வந்தபோது, அமெரிக்கப் பழக்கத்தில் ஆண்கள் உள்ளாடை என்று நினைத்து விலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் அது கழுத்து மூடிய, முழுக்கை, உடம்போடு ஒட்டிய பின்னல் மேல்சட்டை. துணி கிராம், நூல், தையல் எல்லாமே வேறு.

இதற்கு என் வழி ஒன்றுதான். பேரை நம்ப மாட்டேன். பென்சிலால் ஒரு படம் வரைந்து, முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து எல்லாம் குறித்து, போட்டோ எடுத்து அனுப்பி, ‘நீங்கள் கேட்பது இதுதானா?’ என்று கேட்பேன். எனக்குப் படம் நன்றாக வராது, ஆனாலும் இதுவரை எந்தப் பையரும் அதைக் குறை சொன்னதில்லை.

நேரத்தையும் பேரையும்விடக் கஷ்டம், ‘எவ்வளவு நல்லது’ என்று சொல்கிற சொற்கள். அமெரிக்கர் ‘கொய்ட் குட்’ என்றால் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்துக்காரர் அதையே சொன்னால் பல நேரம் ‘சுமார்தான்’ என்று அர்த்தம். அயர்லாந்தில் ‘கிராண்ட்’ என்றால் பிரமாதம் என்று இல்லை, ‘சரி, பரவாயில்லை’ அவ்வளவுதான். ஆஸ்திரேலியர் ‘யா, நா’ என்று ஆரம்பித்தால் கடைசியில் இருக்கிற ‘நா’தான் பதில். லெஸ்டர் அம்மா ஒருமுறை ‘ஐ ஆம் எ பிட் டிஸப்பாயிண்டட்’ என்று எழுதினார். கொஞ்சம் வருத்தம் என்றுதானே சொல்கிறார் என்று கம்பெனியில் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சீசன் ஆர்டர் வரவே இல்லை.

இதைப் புதிதாக வருகிறவர்களுக்குப் புரியவைப்பது கொங்கு நாட்டில் கஷ்டமே இல்லை. பொண்ணு பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, “ரோசனை பண்ணிச் சொல்றோமுங்க” என்று எழுந்தால் என்ன அர்த்தம் என்று கேட்பேன். உடனே பிடித்துக்கொள்வார்கள். நாம் சண்டை போடும்போதுகூட வாக்கியத்தின் கடைசியில் ‘ங்க’ போட்டுத்தான் முடிப்போம். இங்கிலீஷில் ‘ங்க’ கிடையாது. அதற்குப் பதிலாக அவர்கள் ‘எ பிட்’, ‘பெர்ஹாப்ஸ்’, ‘மைட்’ என்று போட்டுக்கொள்கிறார்கள். மரியாதையை உரித்துவிட்டு உள்ளே இருக்கிற சேதியைப் பார்க்க வேண்டும். அப்படியும் சந்தேகம் இருந்தால், ‘அப்ரூவ்டா, ரிஜெக்டடா? இரண்டில் ஒன்று சொல்லுங்கள்’ என்று பணிவாகக் கேட்கலாம். இதுவரை அப்படிக் கேட்டதற்காக யாரும் என்மேல் கோபப்பட்டதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. நாம் எழுதுகிற இங்கிலீஷும் அவர்களுக்கு வட்டார இங்கிலீஷ்தான். திருப்பூர் மெயில்களில் அதிகம் வருகிற ‘பேக்சைடு பிரிண்ட்’ என்பதைப் பாருங்கள். முதுகுப் பக்கத்துப் பிரிண்ட் என்று நாம் நினைத்து எழுதுகிறோம். அவர்களுக்குப் பேக்சைடு என்றால் உட்காருகிற இடம். ‘பேக் பிரிண்ட்’ என்றே எழுதலாம். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று நான் எழுதினால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது என்று பொருள். படிக்கிறவருக்கு நான் அவரை நம்பவில்லை என்று படும். ‘ஐ வில் ரிவர்ட்’ என்பதைப் பதில் சொல்கிறேன் என்று நாம் எழுதுகிறோம். பழைய நிலைக்கே திரும்பிப் போகிறோம் என்று ஒரு பையர் புரிந்துகொண்டு பதறிப் போன் செய்தார், ஏனென்றால் நாங்கள் அப்போது பேட்டர்ன் மாற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். லட்சம், கோடி வெளிநாட்டில் தெரியாது, முழு எண்ணாக எழுத வேண்டும். ‘டூ த நீட்ஃபுல்’ ஒரு காலத்தில் இங்கிலாந்திலேயே எழுதியதுதான். அங்கே வழக்கொழிந்துவிட்டது, நம்மிடம் நின்றுவிட்டது.

இந்தச் சொற்களுக்காக வெட்கப்பட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ‘ப்ரீபோன்’ எவ்வளவு அழகான சொல்! ஒத்திப்போட ஒரு சொல் இருந்தால் முன்னால் இழுக்கவும் ஒரு சொல் வேண்டும்தானே? சென்னை ஆபீசுக்கு எழுதும்போது இன்றைக்கும் தாராளமாக எழுதுவேன். மான்செஸ்டருக்கு எழுதும்போது அந்தச் சொல்லை எடுத்துவிட்டுத் தேதியைப் போட்டுவிடுவேன்.

போன மாதம் கனடாவில் சஸ்காட்செவான் மாநிலத்திலிருந்து ஒரு சின்ன விசாரணை, 1,500 பீஸ். சத்தியமங்கலத்திலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண்ணிடம் கொடுத்திருந்தேன். ‘பன்னிஹக்’ என்று எழுதியிருந்தார்கள். பன்னி என்றால் முயல், ஹக் என்றால் கட்டிப்பிடிப்பது. பக்கத்து சீட்டில் இருந்தவர்கள், குழந்தை உடுப்பாக இருக்கும், நெஞ்சில் முயல் படம் வரும் என்றார்கள். “அக்கா, நோட்டுல கனடா பக்கத்துல இது இல்லீங்கக்கா. ‘டூக்’ மட்டுந்தான் இருக்குது” என்று என்னிடம் வந்தாள். டூக் என்பது அவர்கள் குளிருக்குப் போடுகிற பின்னல் தொப்பி. எனக்கும் பன்னிஹக் தெரியாது என்றேன்.

அவளே ஒரு ஹூடி படமும், முயல் போட்ட குழந்தைச் சட்டை ஒன்றும், ரோமத் துணியில் ஒரு போர்வையும் வரைந்து, மூன்றுக்கும் நம்பர் போட்டு, எது என்று கேட்டு அனுப்பினாள். மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது: நம்பர் ஒன்று, பெரியவர்களுக்கு, 300 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 300 கிராம். தொப்பி வைத்த ஸ்வெட்ஷர்ட்டை அந்த ஒரு மாநிலத்தில் அப்படித்தான் சொல்லுவார்களாம். அதை நோட்டில் டூக்குக்குக் கீழே எழுதிவிட்டு, சாம்பிளுக்குத் துணி கேட்கக் கட்டிங்குக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

அதே மாஸ்டர்தான். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். பேட்டர்னைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, “முயலுன்னு சொன்னாங்க, இதென்ன பெரியாளு சைஸா இருக்குது? கேட்டுப்போட்டயா அம்மிணி?” என்றார்.

“கேட்டுப்போட்டேனுங்க மாஸ்டர்” என்று மெயில் பிரிண்ட்டை நீட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கி, நம்பர் ஒன்று என்று வட்டம் போட்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, துணியை மேசைமேல் விரித்தார்.